குளத்தங்கரை நெல்லும் நம்ம உறவுதான்

காட்டு நெல் என்றாலே நமக்குக் களைதான். மணிக்கு வால் இருக்கும், முற்றினதும் தானாகக் கொட்டிப்போகும், அறுத்தாலும் படி தேறாது. விதைக்கு விடுகிற வயலில் தலைகாட்டினால் நானும் வேரோடு பிடுங்கித்தான் போடுகிறேன். ஆனால் குளத்தங்கரையிலும் ஓடைப் பள்ளத்திலும் நிற்பதைக்கூட களைக்கொல்லி அடித்து அழிக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1970 வாக்கில் தென்கிழக்கு ஆசியாவில் ஒரு வைரஸ் நோய் வந்தது. பயிர் குட்டையாகி, புல் மாதிரி தூர் மட்டும் கட்டும், கதிர் வராது. பரப்பியது நம்ம புகையான்தான். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். தாங்கியது ஒன்றே ஒன்று: உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த 'நிவாரா' என்னும் காட்டு நெல். அதிலும் எல்லாச் செடியும் தாங்கவில்லை, சிலதுதான்.

அதை அப்படியே நட முடியுமா? நட்டால் எல்லாம் கொட்டிப் போச்சு. அதனால் நாட்டில் விளையும் நெல்லோடு ஒட்டுக் கட்டினார்கள். முதல் ஒட்டில் பாதி காடு, பாதி வீடு. அதில் நோய் தாங்கும் செடியை மட்டும் பொறுக்கி, மறுபடி வீட்டு நெல்லோடு ஒட்டினால் காடு கால் பங்கு. அடுத்த முறை அரைக்கால். கடைசியில் நோய் தாங்கும் குணம் தங்கும், கொட்டுகிற குணம் போகும். இதில் மரபணு மாற்று வேலை எதுவும் இல்லை, மகரந்தமும் பொறுமையும்தான். இப்படி வந்தவைதான் 1974-இல் ஐ.ஆர்.28, 1976-இல் ஐ.ஆர்.36. பின்னது ஒரு காலத்தில் உலகத்தில் ஒரு கோடி எக்டருக்கு மேல் நின்றது. நம்ம ஆடுதுறை 43-க்குத் தாய் ஐ.ஆர்.50, அதன் முன்னோரிலும் இந்தக் குளத்து நெல் உண்டு.

இதுவே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. புகையானைத் தாங்கும் என்று 1973-இல் வந்த ஐ.ஆர்.26, சில வருடத்திலேயே புதுவகைப் புகையானிடம் தோற்றது. ஒரே குணத்தை ஊர் முழுக்க விதைத்தால் பூச்சி வழி கண்டுபிடித்துவிடும். இன்னொரு பக்கமும் இருக்கு: 1970-இல் சீனாவின் ஹைனான் தீவில் கிடைத்த மகரந்த மலட்டுக் காட்டு நெல்தான் வீரிய ஒட்டு நெல்லுக்கு அடித்தளம். அந்த விதையை எடுத்து வைத்து விதைக்க முடியாது, வருடா வருடம் வாங்கணும். காடு பொதுவில் தந்தது, கடையில் விலைக்கு வருது!

குளிர்பெட்டியில் உறங்கும் விதை அன்றைக்கு இருந்தபடியேதான் இருக்கும். குளத்தில் நிற்பது வருடா வருடம் வறட்சியையும் பூச்சியையும் பார்த்துத் தேறுகிறது. அதனால் கரையில் நிற்பதை விட்டுவையுங்கள். விதை வயலை மட்டும் தள்ளி வையுங்கள், மகரந்தம் கலக்கலாம். விதை எடுக்க நினைத்தால், பால் பிடித்ததும் கதிருக்கு மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாம் போவதற்குள் பாதி சேற்றில் கிடக்கும். பை மேலே குளத்தின் பெயர், மாதம், தண்ணீர் எவ்வளவு நின்றது என்று எழுதி வையுங்கள்.