மரதன் ஓட்டமும் மருத்துவப் பரிசோதனையும்

பரிஸ் மரதன் ஓட்டத்தின் நீளம் 42.195 கிலோமீற்றர். கழக உரிமம் இல்லாத, 18 வயது நிறைந்தோர் இத்தகைய ஓட்டங்களுக்கு மருத்துவச் சான்றிதழ் சமர்ப்பிக்கும் கடப்பாடு 2024 முதல் இல்லை. பிரெஞ்சு மெய்வல்லுநர் சம்மேளனத்தின் இணையவழி உடல்நல விழிப்பூட்டலை (பே பே எஸ்) நிறைவு செய்தல் போதுமானது.

எனினும், அவ்விழிப்பூட்டல் எவருடைய இதயத்தையும் பரிசோதிப்பதில்லை. நீக்கப்பட்டது சான்றிதழே, பரிசோதனையின் தேவை அன்று. தெற்காசியரை நீரிழிவு இளவயதிலேயே பற்றுகின்றது. ஆதலால் 40 வயதைக் கடந்தோரும் உயர் குருதியமுக்கம் உடையோரும் பயிற்சியைத் தொடங்குமுன்னரே குடும்ப மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

லாச்சப்பல்வாசிகளுக்கு வில்லெத் நீர்த்தேக்கமும் அதனையடுத்த லூர்க் கால்வாய்க் கரையும் அண்மையிலுள்ள சமதளப் பாதைகள். உணவகத்தில் பன்னிரண்டு மணிநேரம் நின்று உழைத்தவர் அன்றிரவே நீண்ட தூரம் ஓடலாகாது. நிற்றலும் கால்களுக்கு உழைப்பே.

நண்பருக்குரிய ஓட்ட இலக்கத்தை (தொசார்) அணிந்து ஓடுவது சிலருக்குச் சிறு விடயமாகத் தோன்றலாம். மயங்கி விழுந்தால், மீட்புப் பணியாளர் காண்பது வேறொருவரின் பெயரையும் அவர்தம் உறவினரின் தொலைபேசி எண்ணையுமே.

ஓடிய பின்னர் தசைநோவு சில நாள்கள் நீடிப்பது இயல்பு. நெஞ்சுவலியும் கரும்பழுப்பு நிறச் சிறுநீரும் இயல்பல்ல. தாமதியாது 15 ஆம் இலக்கத்தை அழைக்கவும்.