கிடாவை மாற்றுகிற அப்பாவுக்கு ஒரு கணக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தாய்மாமனுக்கு உங்களைக் கட்டிவைக்க வீட்டில் பேச்சு நடக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் நேரமெல்லாம் அதே பேச்சுதான் என்கிறீர்கள். நீங்கள் தயங்கினால் அப்பா, "ஆட்டுக்கே வம்சம் பார்க்கிறோம், மனுஷனுக்குப் பார்க்க வேணாமா? நம்ம ரத்தம் கலப்பில்லாதது, வெளியே போகக்கூடாது" என்கிறார். அவர் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் போடாமல் பொதுவில் பதில் எழுதலாம் என்றும் சொல்லியிருப்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதல் பாதி சரி. வம்சம் பார்ப்பதில் உங்கள் அப்பாவைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. உங்கள் பட்டியில் நிற்கும் மெட்ராஸ் சிவப்புச் செம்மறி திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து மண்ணுக்கே உரிய இனம். சிவந்த முடி, சில ஆடுகளுக்கு நெற்றியில் வெள்ளை, கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பே இல்லை. இந்த வெயிலையும் காய்ந்த மேய்ச்சலையும் தாங்கும் உடம்பு அதற்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது. செங்குன்றத்தைத் தாண்டி அலமாதியில் மத்திய அரசின் கால்நடைப் பண்ணை இருக்கிறது. அங்கே முர்ரா எருமைகளை வளர்க்கிறார்கள். பொலிகடா பால் கறக்காது. அதனால் அதன் தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்ற பதிவைப் பார்த்துத்தான் கடாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பரம்பரை என்பது வெறும் நம்பிக்கை இல்லை, எழுதி வைத்துக் கணக்குப் பார்க்கக்கூடிய விஷயம்.

ஆனால் அப்பா அந்தக் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை ஏன் மாற்றுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். அதற்குள் அந்தக் கிடாவின் பெண் குட்டிகள் பருவத்துக்கு வந்துவிடும். அப்பனையும் மகளையும் ஒரே பட்டியில் விட்டால் பிறக்கிற குட்டி எடை குறையும், பால் குடிக்கவே தெம்பில்லாமல் நிற்கும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். பக்கத்து ஊர் மந்தையிலிருந்து கிடா வாங்கி வருவது இதற்காகத்தான். நல்ல வம்சத்தைக் காப்பாற்றுவதற்கென்றே வெளி ரத்தத்தைக் கொண்டுவருகிறார்.

காரணம் இது. நம் ஒவ்வொருவர் உடம்பிலும் பழுதான மரபணுக்கள் சில இருக்கின்றன. ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒன்று பழுதானாலும் மற்றது நன்றாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பெற்றோர் இருவரும் ஒரே பாட்டன் பாட்டியின் வழியில் வந்தவர்கள் என்றால், அதே பழுது இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. அப்பன் கிடாவுக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டியில், இப்படி ஒரே மூதாதையிடமிருந்து வந்த பிரதிகள் சந்திக்கும் வாய்ப்பு கால் பங்கு. ஒரு கிடாவுக்கு இரண்டு தாய்களிடம் பிறந்த அண்ணன் தங்கை இணைந்தால் அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. தாய்மாமனும் அக்கா மகளும் கல்யாணம் செய்தாலும் அதே அரைக்கால்தான். மாமன் மகள், அத்தை மகன் என்றால் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. பட்டியில் ஒரு கிடாவின் அண்ணன் தங்கைக் குட்டிகள் சேர்வதும், உங்கள் அப்பா வீட்டில் நடத்தப் பார்க்கிற கல்யாணமும் இந்தக் கணக்கில் ஒன்று. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பயமுறுத்த எழுதவில்லை. யாருக்குப் பிறந்தாலும் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் உறவில் அது சுமார் இரண்டு மடங்கு ஆகிறது; தாய்மாமன் உறவில் அதைவிடக் கூடும். அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே அப்படிப் பிறந்து நன்றாக இருப்பவர்கள் பலர் இருப்பார்கள். அப்பா அவர்களைக் காட்டத்தான் செய்வார். தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் எவ்வளவு பரவலானது என்பதை 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: கல்யாணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். நிலம் பிரியாது, சீர் குறையும், தெரிந்த வீட்டில் பெண் இருப்பாள் என்ற நிம்மதி என்று அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நான் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் காது கேட்காத குழந்தையோடு வரும் தாயிடம் டாக்டர் முதலில் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "சொந்தத்துல கட்டினீங்களா?"

சார்லஸ் டார்வினும் 1839இல் தன் மாமன் மகள் எம்மாவைத்தான் கட்டினார். பிள்ளைகள் பத்துப் பேர். மூவர் சிறு வயதிலேயே இறந்தார்கள். புறாவும் ஆடுமாடும் வளர்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதியவர் அவர். தன் கல்யாணம்தான் பிள்ளைகளை நலிய வைத்ததோ என்ற கவலை அவரை விடவில்லை. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்கும்படி நாடாளுமன்றத்தின் வழியாக முயன்றார், மறுத்துவிட்டார்கள். செடிகளை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்து 1876இல் புத்தகமாகவே எழுதினார். தன் மகரந்தத்திலேயே சூல் கொண்ட செடியின் நாற்றைவிட அயல் மகரந்தம் சேர்ந்த நாற்று பெரும்பாலும் உயரமாகவும் திடமாகவும் வளர்ந்தது.

இனி அந்தக் 'கலப்பில்லாத ரத்தம்'. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்த குழு 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டில் மக்கள் பெருமளவில் கலந்திருக்கிறார்கள். உயர்ந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சாதி, ஒதுக்கப்பட்ட சாதி, பழங்குடி என எல்லோரிடமும் அந்தக் கலப்பு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கூட்டமும் கதவைச் சாத்திக்கொண்டது. சாத்தியதால் சுத்தம் வரவில்லை, நோய்தான் தங்கியது. ஆந்திரத்து வைசியர்களில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சை மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து சீக்கிரம் உடம்பைவிட்டு இறங்காது. மூச்சு திரும்பாமல் தவிப்பார்கள். இந்தக் குறை மற்றவர்களைவிட அவர்களிடம் பல மடங்கு அதிகம். பல நூற்றாண்டுகள் ஒரே வட்டத்துக்குள் கொண்டும் கொடுத்தும் வந்ததன் விளைவு அது. தூரத்துச் சொந்தம்கூட இல்லை, ஆனால் ஒரே சாதி என்றாலும் இந்தக் கணக்கிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது.

உழைப்பு, கோபம், நேர்மை எல்லாம் ரத்தத்தில் வருவதாக அப்பா சொல்வாராம். ஷிப்டுக்கு நேரத்தில் போய் நிற்கும் பழக்கத்தை நீங்கள் விடியற்காலையில் பட்டி திறக்கிற அம்மாவைப் பார்த்துக் கற்றிருப்பீர்கள். அதைக் கொடுக்க ஒரே ரத்தம் தேவையில்லை, ஒரே வீடு போதும்.

ஆகவே அப்பாவிடம் சண்டைக்கு நிற்காதீர்கள். கால், அரைக்கால், மாகாணி என்று அவருக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்லுங்கள். அதற்கும் அவர் மசியாவிட்டாலும், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு மரபணு விஞ்ஞானத்தின் சாட்சி தேவையில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் கட்டிவைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஒருவேளை மாமனை உங்களுக்கே பிடித்திருந்து, யோசித்து அவரையே கட்டினால், கருத்தரிக்கும் முன்பே இருவரும் சென்னையில் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். இரு பக்கத்திலும் சின்ன வயதில் இறந்த குழந்தைகள், காது கேளாதவர்கள், வலிப்பு வந்தவர்கள் யார் யார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி எடுத்துப் போங்கள். பிரசவத்தின்போது சொந்தம் என்பதை மறைக்காதீர்கள். குழந்தை பிறந்த முதல் மாதத்திலேயே காதுப் பரிசோதனை செய்யுங்கள். குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே சிறு குழந்தைகளுக்குக் கிடைக்கிறது.

அன்புடன்,
உங்கள் அக்கா