பொதுப்பணியில் நேரும் தர்மசங்கடங்கள்

பொதுப்பணத்தைக் கையாடுவது குற்றம் என்பதை யாவரும் அறிவர். அதைப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவருக்குப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயின், நல்லெண்ணம் கொண்ட உறுப்பினரும் திகைத்து நிற்கும் வேளைகள் பல உண்டு. ஒரு பக்கம் உறவு, மறு பக்கம் கடமை. ஒரு பக்கம் ஊரின் நன்மை, மறு பக்கம் கணக்கின் உண்மை. இவ்விதம் இருபுறமும் நியாயம் இருப்பதாகத் தோன்றும்போது எவ்வாறு நடப்பது? கிராமங்களில் அடிக்கடி நேரக்கூடிய மூன்று நிலைமைகளை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

உறவும் பொறுப்பும்

அரசாங்க உதவியுடன் வீடு கட்டிக்கொள்ள ஒரு கிராமத்திற்குப் பத்து வீடுகள் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முப்பது பேர் மனுக் கொடுத்திருக்கின்றனர். அவர்களில் ஒருத்தி உறுப்பினர் ஒருவரின் உடன்பிறந்த தங்கை. அவள் கணவனை இழந்தவள். ஒழுகும் கூரையின் கீழ் இரு குழந்தைகளுடன் வாழ்பவள். உதவி பெற அவளுக்கு முழுத் தகுதியும் உண்டு.

தமையன் அவளுக்காகப் பேசினால், சொந்தக்காரிக்கு வீடு வாங்கித் தந்தான் என்று ஊர் பழிக்கும். பழிக்கு அஞ்சி அவள் பெயரை அடித்துவிட்டாலோ, தகுதியுள்ள ஏழை ஒருத்திக்கு அநீதி இழைத்தவனாவான். அவள் செய்த பிழை அவனுக்குத் தங்கையாய்ப் பிறந்தது ஒன்றே.

இதற்கு வழி யாதெனின், பட்டியலை எடுப்பதற்கு முன்னரே அந்த உறுப்பினர் எழுந்து, "மனுச் செய்தோரில் ஒருத்தி என் தங்கை. ஆகவே இந்தத் தேர்வில் நான் கலந்துகொள்ளவில்லை" என்று கூறி, அதனைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதச் செய்து, வெளியே சென்றுவிடுவதாகும். ஏனையோர் முப்பது மனுக்களையும் ஒரே அளவுகோலால் அளக்கட்டும். வீடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவள் தலைநிமிர்ந்து நடக்கலாம். முன்னரே சொல்லப்பட்ட உறவு பழிக்கு இடம் தராது. பின்னர் பிறர் கண்டுபிடிக்கும் உறவு, நேர்மையாக நடந்த தேர்வையும் சந்தேகத்திற்கு உள்ளாக்கிவிடும்.

இந்தக் கவலை நம் நாட்டிற்குப் புதிதன்று. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன் முதலிய நெருங்கிய உறவினரும் வரலாகாது என்று அவ்விதிகள் விலக்கி வைத்தன. தவறு செய்தவன் தன் உறவினன் பெயரால் மீண்டும் நுழைந்துவிடுவான் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் உணர்ந்திருந்தனர். குடத்திலிருந்து ஓலையை எடுக்க ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனை நிறுத்தியதும் இக்கருத்துப் பற்றியே.

மார்ச்சு மாதத்துக் கையொப்பம்

இரண்டாவது நிலைமை இன்னும் கடினமானது. கிராமத்தில் 500 மீட்டர் சிமெண்டுச் சாலை போடும் வேலை நடக்கிறது. மார்ச்சு 25ஆம் நாளன்று 300 மீட்டர்தான் முடிந்திருக்கிறது. மார்ச்சு 31க்குள் செலவாகாத தொகை திரும்பிப் போய்விடும் என்று சொல்லுகிறார்கள். "வேலை முழுதும் முடிந்ததாக இப்போது பில் எழுதிவிடுவோம், ஏப்ரலில் பாக்கியை முடித்துக்கொள்ளலாம். ஊருக்கு வந்த பணத்தை விடலாமா?" என்று எல்லோரும் கேட்கின்றனர். கேட்பவர்களில் கெட்ட எண்ணம் உடையவர் ஒருவரும் இல்லை.

கிராமப் பஞ்சாயத்து நிதியிலிருந்து பணம் கொடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வகுத்தது. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படவேண்டும் என்பதே இரு கையொப்பத்தின் நோக்கம். முதற் கையொப்பத்தைப் பார்த்து இரண்டாவது கையொப்பம் தானே விழுமானால், அந்த ஏற்பாட்டினால் பயன் இல்லை.

பொய்ப் பில்லில் கையொப்பமிட்டால் என்ன ஆகும்? முழுத் தொகையையும் பெற்றுக்கொண்ட கான்ட்ராக்டரை ஏப்ரலில் வேலைக்கு அழைக்கப் பஞ்சாயத்தின் கையில் பிடி ஒன்றும் இராது. அவர் வாராமற் போனால், மீதி 200 மீட்டருக்கு வேறு திட்டத்தில் பணம் கேட்கவும் இயலாது. ஏடுகளில் அங்கே சாலை இருக்கிறதே! மழைக்காலத்தில் அந்தத் தெருக் குழந்தைகள் சேற்றில் நடப்பர். சரி, ஆறு நாளில் அவசரமாக முடிப்போம் என்றாலும் கேடுதான். சிமெண்டுச் சாலையின்மீது பாத்தி கட்டி, ஒரு வாரத்திற்குக் குறையாமல் நீர் நிறுத்தினால்தான் அது இறுகும். அதற்கு முன் வண்டி ஓடினால் இரண்டு ஆண்டுகளில் ஜல்லி பெயர்ந்துவிடும்.

ஆகவே, முடிந்த 300 மீட்டரை ஓவர்சீயர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதட்டும். அந்த அளவிற்கே பில் தயாராகட்டும். எஞ்சிய வேலைக்குத் தவணை நீட்டிப்பு வேண்டிக் காரணத்துடன் தீர்மானம் நிறைவேற்றி, ஒன்றிய அலுவலகத்திற்கு உடனே அனுப்பவேண்டும். அவ்வாறு செய்தும் ஒருவேளை பணம் திரும்பிப் போகலாம். "இவர் கையெழுத்துப் போடாததால் சாலை போயிற்று" என்று ஊரார் ஏசவும் செய்யலாம். இந்த நஷ்டத்தை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நேர்மைக்கு விலை உண்டு. அதைக் கொடுக்க மனமில்லாதவர் கையொப்பமிடும் பதவியை ஏற்கலாகாது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: மார்ச்சில் வரும் இந்தச் சங்கடம் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்காமல் விட்ட வேலையினால் வருவது.

இரக்கமும் பொதுப்பணமும்

மூன்றாவது நிலைமை இது. வீட்டுவரி வசூலித்த ஊழியர் ஒருவர், குழந்தையின் காய்ச்சலுக்காக வசூல் பணத்தில் 500 ரூபாயை எடுத்துச் செலவிட்டுவிட்டார். பத்து நாளில் தாமே திருப்பிக் கட்டினார். இதனைக் கண்ட தலைவர் என் செய்வது? பேசாமல் விட்டால் அது வழக்கமாகிவிடும். அடுத்த முறை 5,000 ஆகும். கடுமையாகத் தண்டித்தால் ஓர் ஏழைக் குடும்பம் தவிக்கும்.

நடந்ததை நடந்தவாறே எழுத்தில் பதிவு செய்து, மேலதிகாரிக்குத் தெரிவிப்பது தலைவரின் கடமை. பணம் திரும்ப வந்ததையும், குழந்தையின் நோயையும் அதே கடிதத்தில் எழுதுவது அவருடைய மனிதத்தன்மை. இரக்கப்பட வேண்டுமானால் தம் சொந்தப் பையிலிருந்து உதவட்டும். பிறர் பணத்தைக் கொண்டு செய்யும் இரக்கம் இரக்கமாகாது.

ஒரு சோதனை

இம்மூன்றிற்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூடவேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் ஏற்பாடு செய்யப்பட்டது. ஐயம் தோன்றும் ஒவ்வொரு முறையும், "இன்று நான் செய்வதை, செய்த காரணத்துடன், அடுத்த கிராம சபையில் உரக்கப் படிக்க எனக்குத் துணிவு உண்டா?" என்று உறுப்பினர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். தங்கையின் பெயரைச் சொல்லி விலகியதைப் படிக்கலாம். 300 மீட்டருக்குப் பில் எழுதியதைப் படிக்கலாம். இல்லாத 200 மீட்டரைப் படிக்க நா எழாது. படிக்க நா எழாத காரியத்தைக் கை செய்யாதிருப்பதே பொதுப்பணியாளருக்குப் பாதுகாப்பு.

கூட்டத்தில் கலந்து ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உறுப்பினரின் உறவினர் உதவி கேட்கும்போது, உங்கள் பஞ்சாயத்தில் எந்த முறை கையாளப்படுகிறது? அது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படுகிறதா?

2. சென்ற ஆண்டு மார்ச்சில் அவசரமாக முடித்த வேலைகள் யாவை? அவை இப்போது எந்த நிலையில் உள்ளன?

3. புதிய தெருக்குழாய் ஒன்று தலைவரின் வீட்டருகே அமைந்தால்தான் பலருக்கு வசதி என்று வைத்துக்கொள்வோம். அந்த முடிவை யார், எவ்வாறு செய்யவேண்டும்?