மலைக் கிராமமும் உல்லாசப் பிரயாணிகளும்

உல்லாசப் பிரயாணிகள் வந்தால் கிராமத்திற்குப் பணம் வரும் என்பது யாவரும் அறிந்ததே. வந்த பணம் எவர் கையில் தங்குகிறது, எத்தனை மாதங்களுக்கு வருகிறது, அதற்கு ஈடாக ஊர் எதை இழக்கிறது என்பவையே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை. இவற்றை ஆராய்வதற்கு ஸ்விட்ஜர்லாந்து தேசத்தின் தென்கோடியில், வாலே மாகாணத்தில் உள்ள ஸெர்மாட் என்னும் கிராமத்தின் வரலாறு மிகவும் ஏற்றதென நாம் கருதுகிறோம். நமது மலைகளில் அத்தகைய பனி இல்லை. எனினும் மேய்ச்சல் புறம்போக்கும் குடிநீரும் எல்லா ஊருக்கும் பொதுவான விஷயங்கள்.

ஸெர்மாட், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், ஒரு பள்ளத்தாக்கின் முடிவில் இருக்கிறது. அதற்கு அப்பால் செல்ல வழியில்லை. பனியாறுகளும் சிகரங்களுமே உள்ளன. நூற்றெழுபது வருஷங்களுக்கு முன் அங்கு வாழ்ந்தவர்கள் ஏழைக் குடியானவர்கள். ஆடு மாடுகளைக் கோடையில் மேட்டு மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்வார்கள். சரிவுகளில் கம்பு போன்ற ஒரு குளிர்நாட்டுத் தானியமாகிய ரை விளைவிப்பார்கள். மழைக்காலத்திற்கு நாம் விறகு சேர்ப்பதுபோல், பனிக்காலத்திற்கு வைக்கோலும் தானியமும் சேர்த்து வைப்பார்கள். அவர்கள் கட்டிய மரக் களஞ்சியங்கள் இன்றும் ஊரின் நடுவே நிற்கின்றன. ஒவ்வொரு களஞ்சியமும் மரக்கால்களின் மீது நிற்கிறது. ஒவ்வொரு காலுக்கும் களஞ்சியத்தின் அடித்தளத்திற்கும் இடையே எந்திரக்கல்லைப் போன்ற அகன்ற வட்டக்கல் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. கால் வழியே ஏறிவரும் எலி அந்தக் கல்லின் விளிம்பைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும். மருந்தும் பொறியும் இன்றித் தானியத்தைக் காத்த இந்த முறை விவசாயிகள் வியக்கத்தக்கது. இப்போது அவற்றில் தானியம் இல்லை. பிரயாணிகள் நின்று புகைப்படம் எடுத்துச் செல்கிறார்கள்.

இந்த ஊருக்கு வெளியுலகினர் வரத் தொடங்கியது மலையேற்றத்தின் பொருட்டு. 1850களில் அலெக்சாண்டர் ஸைலர் என்பவர் அங்கு வந்து ஒரு சிறு விடுதியை ஏற்று நடத்தினார். அவர் அதே மாகாணத்தவர்தாம், ஆயினும் வேற்றூர்க்காரர், முன்பு சோப்புக் காய்ச்சும் தொழில் செய்தவர். 1865-ஆம் வருஷம் ஜூலை 14-ஆம் தேதி, ஊருக்கு எதிரே கூம்புபோல் நிற்கும் 4,478 மீட்டர் உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தை எட்வர்டு விம்ப்பர் என்ற ஆங்கிலேயரின் கூட்டத்தார் முதன்முதலாக எட்டினார்கள். ஏறியவர் எழுவர்; இறங்கும்போது நால்வர் விழுந்து மாண்டனர். இந்தச் செய்தி ஐரோப்பா முழுவதும் பரவி, ஸெர்மாட்டின் பெயரைப் பிரபலப்படுத்திற்று. ஸைலரின் விடுதிகளும் பெருகின.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. அந்நாட்டு வழக்கப்படி, ஒருவர் ஓர் ஊரின் குடியாகப் பதிவு பெற்றால், அந்த ஊரின் பொதுக் காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் அவருக்கும் அவர் சந்ததிக்கும் பங்கு உண்டு. 1871-இல் ஸைலர் ஊர்க்குடி உரிமையைக் கோரினார். ஊரார் மறுத்தனர். செல்வம் மிகுந்த ஒருவர் பொது நிலத்திலும் கால் வைத்துவிட்டால் நாளடைவில் ஊரே அவர் வசமாகும் என்பது அவர்களுடைய அச்சம். வழக்கு மாகாணத்திலிருந்து மத்திய நீதி ஸ்தலம் வரை சென்றது. இறுதியில் 1889-இல், ஊராரின் விருப்பத்திற்கு மாறாகவே, அவர் உரிமை பெற்றார். இரண்டு வருஷங்களில் காலமானார்.

ஸைலர் அந்த ஊருக்குச் செய்த நன்மை மிகப் பெரிது. அவரைப் பல வருஷங்கள் அயலாராக நிறுத்தி வைத்தது நியாயமன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் ஊராரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடவும் இயலாது. ஏனெனில் அவர்கள் மறுப்போடு நின்றுவிடவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, தாங்களே ஒரு பெரிய விடுதி கட்டத் துணிந்தார்கள். ஊர்க்குடிகள் தங்கள் உடலுழைப்பைக் கொடுத்துக் கட்டிய அந்த விடுதி 1879-இல் திறக்கப்பட்டது. சிரமதானத்தால் சாலை போட்டவர்களையும் பள்ளிக்கூடம் எழுப்பியவர்களையும் நாம் அறிவோம். சிரமதானத்தால் ஹோட்டல் கட்டிய கிராமம் மிக அபூர்வம். ஸெர்மாட்டர்ஹோஃப் என்னும் அந்த விடுதி இன்றும் ஊர்க்குடிகள் சபைக்கே சொந்தம். கோர்னர்கிராட் என்னும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைமுகட்டில் உள்ள விடுதியும், வேறு பல உணவு விடுதிகளும் அச்சபையின் உடைமையே.

இந்தச் சபை நகராட்சியினின்று வேறானது. பரம்பரைக் குடும்பங்களுக்கே அதில் இடம். பின்னால் வந்து குடியேறிப் பாடுபடுபவர்க்கு அதில் பங்கில்லை. இந்தப் பகுதியை நாம் பின்பற்றத்தக்கதாகக் கூற மாட்டோம். நமது கிராம சபையில் வாக்காளர் அனைவருக்கும் இடம் உண்டு, அதுவே சரி.

ரயில் 1891-இல் ஸெர்மாட்டை அடைந்தது. 1898-இல் கோர்னர்கிராட் வரை மின்சாரப் பல்சக்கர ரயில் போடப்பட்டது. இவ்விரண்டும் ஏறும் முறை நமக்கு அந்நியமன்று. ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் எஞ்சினீயர் கண்டுபிடித்த பல்தண்டவாளமே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி ரயிலுக்கும் உதவுகிறது. ஆனால் ஸெர்மாட்டுக்கு ரயில் வந்தும், நெடுங்காலம் கோடையில் மட்டுமே ஓடிற்று. பனிக்காலத்தில் விடுதிகள் பூட்டிக் கிடந்தன. கோடையில் ஈட்டியதைக் கொண்டு எஞ்சிய மாதங்களை ஓட்டவேண்டும்.

1920களின் இறுதியில்தான் பனிக்காலப் பருவம் தொடங்கியது. கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டு அப்போது பரவிக்கொண்டிருந்தது. அதன்பொருட்டு ரயிலைப் பனிக்காலத்திலும் ஓட்ட வேண்டியதாயிற்று. பனிச்சரிவுகள் விழும் இடங்களில் பாதைக்கு மேல் கூரை அமைக்கப்பட்டது. பிறகு ரோப் கார்கள் வந்தன. 1979-இல் சுமார் 3,880 மீட்டர் உயரத்திற்கு ஒரு ரோப் கார் திறக்கப்பட்டபின், பனியாற்றின் மீது கோடையிலும் சறுக்கி விளையாட வசதி உண்டாயிற்று. தனித்தனியாக இருந்த ரோப் கார் கம்பெனிகள் 2002-இல் ஒன்றாக இணைந்தன. எல்லைக்கு அப்பால் உள்ள இத்தாலியக் கிராமமாகிய செர்வினியாவின் சரிவுகளும் இதனுடன் தொடர்பு கொண்டவை. இவ்வாறு ஆறாயிரத்திற்கும் குறைவான ஜனத்தொகை உடைய ஓர் ஊரில், வருஷத்திற்குச் சுமார் 20 லட்சம் இரவுத் தங்கல்கள் கணக்காகின்றன. பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக என்று எண்ணிவிடலாகாது; மே மாதத்திலும் நவம்பரை ஒட்டியும் பல விடுதிகள் இன்னும் மூடியே இருக்கின்றன.

மோட்டார் வண்டிகள் ஊருக்குள் வர அனுமதியில்லை. வருபவர்கள் ஐந்து கிலோமீட்டர் கீழே உள்ள டேஷ் என்ற கிராமத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் ஏற வேண்டும். ஊருக்குள் சிறிய மின்சார வண்டிகளும் குதிரை வண்டிகளுமே. இதனால் டேஷ் கிராமத்தாருக்கும் ஒரு பிழைப்பு உண்டாயிற்று.

இனி, 1963-ஆம் வருஷத்து நிகழ்ச்சியைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சற்று நிதானித்துப் படிக்க வேண்டுகிறோம். பனிக்காலப் பருவம் உச்சத்தில் இருந்தபோது ஸெர்மாட்டில் டைபாய்டு ஜுரம் பரவிற்று. குடிநீரில் அசுத்தம் கலந்ததும், அதைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு போதாததுமே காரணம். 437 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். டைபாய்டு உடம்பில் புகுந்து ஒன்றிரண்டு வாரங்கள் கழித்தே வெளிப்படுவதாதலால், விருந்தினர்கள் தெரியாமலே அதைச் சுமந்துகொண்டு இங்கிலாந்து முதலிய தேசங்களுக்குத் திரும்பினர். செய்தி வெளிவருவதில் தாமதம் நேர்ந்தது என்ற கண்டனமும் பத்திரிகைகளில் எழுந்தது. நிறைந்திருந்த விடுதிகள் காலியாயின.

ஹோட்டல்களையும் ரோப் கார்களையும் கட்டுவதில் அந்த ஊர் காட்டிய வேகத்தைக் குழாய்களிலும் சாக்கடையிலும் காட்டவில்லை. திறப்பு விழா நடத்தத் தக்க வேலைக்குப் பணம் எளிதில் கிடைக்கும். பூமிக்கடியில் மறையும் வேலைக்குக் கிடைப்பதில்லை. இதை எமது வட்டாரத்திலும் நாம் காண்கிறோம்: திருவிழாவுக்கு வருவோரை எண்ணிப் பந்தல் போடுகிறோம், மேல்நிலைத் தொட்டியில் குளோரின் இட்ட பதிவேட்டில் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஸெர்மாட்டில் இன்று கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம், மலைப்பாறையைக் குடைந்த குகைக்குள் இயங்குகிறது.

குடியிருப்புப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. வெளியூர்ச் செல்வந்தர் ஓய்வுக்காக வாங்கும் வீடுகளால் விலை ஏறி, விடுதிகளில் வேலை செய்யும் பலர், முக்கியமாகப் போர்த்துக்கல் தேசத்திலிருந்து வந்தவர்கள், கீழே டேஷிலிருந்தே வேலைக்கு வந்து போகின்றனர். வருஷத்தில் சில வாரங்களே விளக்கெரியும் வீடுகள் மலைக் கிராமங்களில் பெருகுவதைக் கண்ட ஸ்விஸ் மக்கள், 2012 மார்ச்சில் வாக்களித்து, எந்த ஊரிலும் இத்தகைய வீடுகள் நூற்றுக்கு இருபதுக்கு மேற்படலாகாது என்று விதித்தனர். நம் மலைப்பகுதிப் பஞ்சாயத்துக்கள் மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வரும் மனுக்களை ஆராயும்போது இந்த விதி நினைவிற்கு வருவது நலம்.

பாதை ஒன்றே என்பதன் ஆபத்து 2018 ஜனவரியில் தெரிந்தது. பெரும் பனி பெய்து ரயிலும் சாலையும் தடைப்படவே, சுமார் 13,000 பிரயாணிகள் ஊருக்குள் அகப்பட்டுக்கொண்டனர். சிலரை ஹெலிகாப்டரில் எடுத்துச் சென்றனர்.

அதனினும் பெரிய கேள்வி பனியாற்றைப் பற்றியது. உலகம் வெப்பமடைந்து வருவதால் ஆல்ப்ஸ் பனியாறுகள் உருகிச் சுருங்குகின்றன. 2022, 2023 ஆகிய இரு வருஷங்களில் மட்டும் ஸ்விட்ஜர்லாந்துப் பனியாறுகள் தம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. கோடையிலும் பனிச்சறுக்கு என்று பெருமையுடன் விளம்பரம் செய்த ஸெர்மாட்டில், 2022 ஜூலை இறுதியில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வாரங்களில், சறுக்குப் பலகைகளோடு வந்தவர்கள் திரும்பிச் சென்றனர். நடைபாதைகளில் நடக்கவும் மாட்டர்ஹார்னைக் காணவும் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கோர்னர்கிராட் ரயில் வழக்கம்போல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.