காற்றும் நீரும் அரைத்த மாவு

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு வடக்கே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஐரியக் கடலோரத்தில் அமைந்த ஊர் ஸ்கெர்ரீஸ். இவ்வூரில் பழமையான காற்றாலைகள் இரண்டு உள்ளன. ஒன்றிற்கு நான்கு இறக்கைகள், மற்றொன்றிற்கு ஐந்து. அவற்றின் அருகிலேயே நீரால் இயங்கும் ஆலையும் உண்டு. இவை இக்காலக் காற்றாலைகளைப் போல மின்னாற்றல் தருபவை அல்ல. தானியத்தை மாவாக்குவதற்கென எழுப்பப்பட்டவை.

இரு விசைகள்

ஓரிடத்திலேயே காற்றாலையும் நீராலையும் அமைந்தது ஏன்? காற்று மனிதர் விரும்பும் வேளையில் வீசுவதில்லை. நீரைக் குளத்தில் தேக்கி வைக்கலாம். மதகைத் திறந்தால் அது வாய்க்கால் வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும். ஆயினும், மழை குறைந்தால் குளமும் வற்றும். காற்று ஓய்ந்த நாளில் நீரும், நீர் குறைந்த நாளில் காற்றும் கைகொடுத்தன.

நான்கு இறக்கைகளுள் ஒன்று முறிந்தால், அதன் எதிர் இறக்கையைக் கழற்றிவிட்டு எஞ்சிய இரண்டைக் கொண்டு ஆலையை இயக்கலாம். ஐந்து இறக்கைகள் கூடுதல் விசை தரும். எனினும், ஒன்று முறிந்தால் சமநிலை குலைந்து ஆலை நின்றுவிடும். மிகுதியான ஆற்றலைப் பெறுவதற்கு மனிதர் ஏற்ற இடர் அது.

கற்களும் கைகளும்

ஆலையின் உயிர் திரிகைக் கற்களே. அடிக்கல் அசையாது; மேற்கல் சுழலும். மேற்கல்லின் நடுத்துளையில் விழும் தானியம் அரைபட்டு, விளிம்பின் வழியே மாவாக வெளிவரும். கற்களின் இடைவெளி மிகுந்தால் மாவு பரபரப்பாகும். குறைந்தால் சூடேறி அதன் தரம் கெடும். தானியமின்றிக் கற்கள் உரசினால் தீப்பொறி எழும். எனவே, ஆலையை இயக்குபவர் மாவை விரல்களால் தேய்த்துப் பார்த்தும், கற்களின் ஒலியைக் கேட்டும் இடைவெளியைத் திருத்துவார். தேய்ந்த கற்களை அவ்வப்போது கொத்துவதும் அவர் பணியே.

இயங்குவதே காப்பு

நீராவியும் மின்சாரமும் பரவியபின் இத்தகைய ஆலைகள் பல கைவிடப்பட்டன. ஸ்கெர்ரீஸ் ஆலைகளோடு இணைந்திருந்த அடுமனையும் 1980களில் நின்றது. அடுத்த பத்தாண்டில் இவ்வளாகம் சீரமைக்கப்பட்டு, மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

சுவரையும் கூரையையும் செப்பனிட்டால் கட்டடம் நிலைக்கும். ஆனால், காற்றின் போக்கையும் கல்லின் ஒலியையும் அறியும் திறன் ஆலை இயங்கினால்தான் நிலைக்கும். நெதர்லாந்தில் காற்றாலைகளையும் நீராலைகளையும் இயக்கும் கைத்தொழிலை, 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மதிக்கப்பட்டது கட்டடமன்று, கைத்திறன்.

ஸ்கெர்ரீஸ் ஆலைகளைக் காண வருவோர், ஒரு பிடி மாவுக்குப் பின்னால் நின்ற காற்றையும் நீரையும் உழைப்பையும் ஒருங்கே காண்கின்றனர்.