இடம் பெயரும் வியாபாரம்: ஓர் ஆங்கிலக் கடற்கரை ஊர் தரும் பாடம்



கடை அமைந்த இடமே பாதி வியாபாரம் என்பார்கள் நம் பெரியவர்கள். அந்த இடமே கையை விட்டுப் போகும் நிலை வந்தால் என்ன செய்வது? சாலையை அகலப்படுத்துகிறார்கள். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டு போகிறார்கள். சந்தையை மாற்றுகிறார்கள். நம்மில் பலர் இவற்றை அனுபவித்தவர்கள்தான். இங்கிலாந்தில் ஒரு சிறிய கடற்கரை ஊர் இதே சோதனையை எப்படிச் சந்தித்தது என்பதை இந்த இதழில் பாடமாகப் படிப்போம். அங்கே இடத்தைப் பறித்தது நகராட்சி அல்ல, கடல். ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும்.

1. ஊரும் அதன் தொழிலும்

அந்த ஊரின் பெயர் ஹேஸ்பரோ. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்ஃபோக் மாவட்டத்தில் இருக்கிறது. உயர்ந்த கோபுரத்துடன் கூடிய பழைய மாதா கோயிலும், 1790-ல் கட்டிய கலங்கரை விளக்கமும் அதன் அடையாளங்கள். அந்த ஊர்க் கடற்கரையில் எட்டு லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதக் காலடித் தடங்கள் 2013-ல் வெளிப்பட்டன. அவ்வளவு பழமையான மண்.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு வெளியூர்ப் பணம் பெரும்பாலும் கோடைகால விருந்தினரிடமிருந்துதான் வருகிறது. அவர்கள் தங்கும் இடங்களில் ஒன்று காரவன் முகாம். காரவன் என்பது சக்கரம் வைத்த சிறு வீடு. சிலர் அதைக் காருக்குப் பின்னால் இழுத்து வந்து சில நாட்கள் தங்கிப் போவார்கள். வேறு சிலர் பெரிய வண்டியை முகாமிலேயே நிரந்தரமாக நிறுத்தி, இடத்துக்கு ஆண்டு வாடகை கட்டி, விடுமுறை தோறும் குடும்பத்துடன் வருவார்கள். ஹேஸ்பரோவிலும் மாதா கோயிலுக்கு அருகே, கடலை ஒட்டிய மேட்டின் மேல் அப்படி ஒரு முகாம் இருந்தது.

2. கடல் எடுத்துக்கொண்ட கணக்கு

அந்த மேடு பாறையால் ஆனதல்ல. மணலும் களிமண்ணும் கலந்தது. அலை அடியில் அறுக்க, மழை மேலே ஊற, துண்டு துண்டாகச் சரியும். 1953 ஜனவரி இறுதியில் வந்த பெரும் கடல் வெள்ளத்தில் இங்கிலாந்தில் மட்டும் 307 பேர் இறந்தனர். அதன் பிறகு ஹேஸ்பரோவில் 1958 வாக்கில் மரத் தடுப்புகள் அமைத்தார்கள். அவை சுமார் முப்பது ஆண்டுகள் காத்தன. 1990-களில் அவை பழுதாகி உடைந்தன. மீண்டும் கட்டும் செலவுக்கு ஏற்ற பயன் இல்லை என்று அரசின் கணக்கு சொல்லியது. தடுப்பு போன பகுதியில் சில பத்தாண்டுகளில் நூறு மீட்டருக்கு மேல் நிலம் கடலுக்குள் போயிற்று. வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்துச் சட்டப்படி, கடல் அரிப்பில் வீடோ கடையோ போனால் அரசு நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை. 2010-ல் வந்த ஓர் ஏற்பாட்டின்படி, விழப்போகும் வீட்டை இடித்து அப்புறப்படுத்தும் செலவுக்காக 6,000 பவுண்டு வரை கிடைக்கும். வீட்டின் விலை கிடைக்காது. நம் கணக்கில் சொன்னால், சரக்கு முழுவதும் போன பின் கிட்டங்கியைப் பெருக்கும் கூலியை மட்டும் தருவது போல.

3. முடிவு செய்துவிட்டுக் கேட்டதும், கேட்டுவிட்டு முடிவு செய்ததும்

2000-க்குப் பின் அந்தக் கடற்கரைக்கு ஒரு நீண்டகாலத் திட்டத்தின் வரைவு வெளியானது. பல இடங்களில் தடுப்புகளைத் தொடர்ந்து பராமரிக்கப் போவதில்லை, கடல் தன் போக்கில் வரட்டும் என்பது அதன் சாரம். அதன் பிறகுதான் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கடும் எதிர்ப்புக் கிளம்பியது. வியப்பில்லை. நேற்று வரை அடமானக் கடன் கிடைத்த வீட்டுக்கு, காகிதத்தில் ஒரு கோடு விழுந்தவுடன் வாங்க ஆளில்லை. மாவட்ட கவுன்சிலே, மக்களுக்கு மாற்று வழி சொல்லாமல் இதை ஏற்பதற்கில்லை என்று தயங்கியது.

பிறகு 2009-ல் மத்திய அரசு 15 உள்ளாட்சிகளுக்கு மொத்தம் சுமார் 1 கோடியே 10 லட்சம் பவுண்டு ஒதுக்கி, கடல் மாற்றத்தோடு வாழ வழி தேடுங்கள் என்றது. அதில் வடக்கு நார்ஃபோக் மாவட்ட கவுன்சிலுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு வந்தது. இந்த முறை வரிசை மாறியது. எதைக் காப்பாற்றலாம், எதை மாற்றலாம் என்று ஊராட்சியுடனும் குடியிருப்போருடனும் பேசிக்கொண்டே திட்டம் போட்டார்கள்.

கடற்கரைச் சாலையில் விளிம்புக்கு வந்துவிட்ட ஒன்பது வீடுகளைக் கவுன்சில் விலை கொடுத்து வாங்கி இடித்தது. முழு விலை இல்லை. ஆனால் சந்தையில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போன சொத்துக்கு ஒரு தொகை கிடைத்தது. இழந்த வீட்டுக்கு ஈடாக உள்ளே வேறிடத்தில் வீடு கட்ட அனுமதி உண்டு என்ற விதிதான் அந்த விலைக்கு ஆதாரம். கார் நிறுத்துமிடம், கழிப்பறை, கடலுக்கு இறங்கும் வழி ஆகியவற்றையும் புதிதாக அமைத்தார்கள். அதே திட்டத்தில் காரவன் முகாமை உள்ளே மாற்றும் முயற்சிக்கும் கை கொடுத்தார்கள்.

4. முகாமை மாற்றிய விதம்

விளைநிலத்தில் புதிய முகாம் போட யாருக்கும் எளிதில் அனுமதி கிடைக்காது. ஆனால் வடக்கு நார்ஃபோக் கவுன்சில் 2008-ல் ஏற்ற திட்ட விதிகளில், கடல் அரிப்பால் பாதிக்கப்படும் தொழிலுக்கு ஒரு தனி வாசல் திறந்து வைத்திருந்தது. அதன் நிபந்தனைகளை நாம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒன்று, புதிய இடம் கடல் எட்டக்கூடியதாகக் கணித்த எல்லைக்கு அப்பால் இருக்க வேண்டும். இரண்டு, அது அதே கடற்கரைச் சமூகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். வியாபாரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போவதற்கு அந்த வாசல் அல்ல. மூன்று, பழைய இடத்தைச் சுத்தம் செய்து பாதுகாப்பாக விட வேண்டும், அல்லது ஊருக்குப் பயன்படும் தற்காலிக வேலைக்குத் தர வேண்டும். நான்கு, புதிய இடத்தின் காட்சியும் சூழலும் கெடக்கூடாது.

இந்த நான்காவதில்தான் சிக்கல். முகாம் போக வேண்டும் என்பதில் தகராறு இல்லை. எங்கே போக வேண்டும் என்பதில்தான் தகராறு. கோயில் கோபுரமும் கலங்கரை விளக்கமும் தெரியும் திறந்த வெளியில் வரிசை வரிசையாக வண்டி நிற்பதைப் பலர் விரும்பவில்லை. எந்த ஊரிலும் இது உண்டு. சந்தை வேண்டும், என் வீட்டு வாசலில் வேண்டாம் என்பார்கள். இழுபறியில் ஆண்டுகள் ஓடின. முடிவில் முகாம் உள்ளே வந்தது, ஊரை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் நடந்தது. புதிதாகக் கட்டிய கார் நிறுத்துமிடத்தையும் கடல் சில ஆண்டுகளிலேயே நெருங்கிவிட்டது. 2022-ல் தொடங்கிய அடுத்த அரசுத் திட்டம் வடக்கு நார்ஃபோக்குக்கும் ஈஸ்ட் ரைடிங் என்ற பகுதிக்கும் சேர்த்து 3 கோடியே 60 லட்சம் பவுண்டு தந்தது. அதில் கார் நிறுத்துமிடத்தை மீண்டும் உள்ளே தள்ளும் வேலையை எடுத்தார்கள். அரை அடி அரை அடியாகப் பின்வாங்கினால் செலவு இரட்டிப்பு என்பது இதில் தெரிகிறது.

5. மளிகைக் கடைக்கு இதில் என்ன?

முகாம் யாரோ ஒருவருடையது, வண்டிகள் வேறு யாருடையவோ, ஊர் மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு. ஒரு கணக்குப் பேச்சுக்குச் சொல்கிறேன். நூறு வண்டி, வண்டிக்கு மூன்று பேர் என்றால் முந்நூறு வாய். ரொட்டி, பால், முட்டை, டீத்தூள், சோப்பு, மெழுகுவத்தி, பிள்ளைகளுக்கு மிட்டாய். ஆண்டில் நூறு நாள் தங்கினாலும் அது முப்பதாயிரம் ஆள்-நாள். சிற்றூர்க் கடைக்கு ஆண்டு முழுவதும் கல்லா ஓட அந்தச் சீசன் வரவுதான் ஆதாரம். முகாம் பத்து மைல் தள்ளிப் போனால் கடைக்காரரின் சுவரில் ஒரு செங்கல்கூட விழாது. ஆனால் கடை விழுந்துவிடும்.

நம் ஊரிலும் இதுதான். 1996-ல் கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோது, காய்கறி மண்டிகளை மட்டுமா அது தொட்டது? சாக்குக் கடை, கயிற்றுக் கடை, டீக்கடை, சுமை தூக்குவோர் என்று அதைச் சுற்றி வாழ்ந்த எல்லோரையும் தொட்டது.

6. நாங்கள் தவறவிட்ட கடிதம்

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் மண்டிக் கடைகளை வெளியே மாற்றப் போவதாகச் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளில் தெரிவிக்கலாம் என்று இருந்தது. நான் அப்போது செயற்குழு உறுப்பினர். "நடக்கிறபோது பார்ப்போம்" என்று பைலில் போட்டோம். நடந்தது. புதிய வளாகத்தில் லாரி திரும்ப இடமில்லை. மூட்டையைச் சாலையில் இறக்கி, மறுபடி சுமந்து உள்ளே கொண்டு போக வேண்டும். ஒரு மூட்டைக்கு இரண்டு கூலி. அதைச் சில்லறைக் கடைக்காரர் தலையில்தான் ஏற்றினோம், வேறு வழியில்லை. பிறகு ஊர்வலம் போனோம், மனுக் கொடுத்தோம். கட்டிய சுவரை யாரும் நகர்த்தவில்லை. வரைபடம் காகிதத்தில் இருந்தபோது ஒரு பென்சில் கோடு போதுமாயிருந்திருக்கும். தவறு எங்களுடையது.

7. நினைவில் வைக்க வேண்டியவை

முதலாவது, மாற்றம் உறுதி என்று தெரிந்தால் எதிர்ப்பதில் மட்டும் காலத்தைச் செலவிடக்கூடாது. கையில் விலை உள்ளபோதே பேச வேண்டும். விளிம்புக்கு வந்த வீட்டுக்குக் கிடைத்தது ஒரு பகுதி விலைதான்.

இரண்டாவது, பணத்தைக் கேட்பதோடு நிற்காமல் இடத்தைக் கேட்க வேண்டும். மாற்று இடம் அதே வாடிக்கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி பணத்தைவிடப் பெரியது.

மூன்றாவது, நேரடியாக மாறுகிறவர் மட்டுமின்றி, அவரை நம்பி வாழ்கிற கடைக்காரரும் கூட்டத்துக்குப் போக வேண்டும். போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை லாரி, எத்தனை மூட்டை, எந்த நேரத்தில் எத்தனை வாடிக்கையாளர் என்ற கணக்கு நம் பேரேட்டில் இருக்கிறது. அதிகாரிகளிடம் அது இல்லை. உரக்கப் பேசுகிறவரைவிடக் கணக்கு வைத்திருப்பவர் சொல் எடுபடும்.

நான்காவது, பழைய இடம் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். பாழாகக் கிடக்கும் பழைய இடம் பக்கத்துக் கடைகளையும் கெடுக்கும்.

ஐந்தாவது, மாறுவதென்றால் போதுமான தூரம் மாற வேண்டும். இரண்டு முறை கடை மாற்றுகிறவன் இரண்டு முறை முதல் போடுகிறான்.

உங்கள் சங்க அலுவலகத்தில் பதில் எழுதாத கடிதம் ஏதேனும் பைலில் இருந்தால், அடுத்த செயற்குழுவுக்கு முன் எடுத்துப் படியுங்கள். முப்பது நாள் இன்னும் முடியாமல் இருக்கலாம்.