சம்பளக் கணக்கில் சாப்பாடு சேருமா?



நம்மவர் கடைகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து வரும் பையனுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் மாடியில் படுக்க இடமும் கொடுத்து, அவற்றையும் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்போம். முதலாளியும் வேலையாளும் ஒரே சட்டியில் உண்ட காலத்தில் அது ஒத்து வந்தது. இன்றைய சட்டம் அதை ஏற்பதில்லை.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் தொடங்கியது. அப்போது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2022 மே மாதம் 1,500 ஆயிற்று. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்போருக்கு மட்டும் 2025 ஜூலை முடிய அவகாசம் தந்தார்கள். ஆகஸ்டு 1 முதல் அந்தச் சலுகையும் இல்லை. உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர் என்ற பேதமும் இதில் இல்லை.

நம் மளிகைக் கடையில் நான்கு பேர். ஆகஸ்டு பிறந்ததும் நாம் என்ன செய்தோம்? கையில் கொடுப்பதைப் பழைய 1,500 ஆகவே வைத்து, சாப்பாடும் தங்குமிடமும் 200 என்று பேரேட்டில் எழுதினோம். கூட்டினால் 1,700 வந்தது, மனம் நிம்மதியாயிற்று. மூன்று மாதம் சென்றபின் ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "முதலாளி, சாப்பாட்டை வீட்டுக்கு அனுப்ப முடியாதே!"

விசாரித்தோம். 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். படிகளையோ சாப்பாட்டையோ அதில் சேர்த்துக் காட்டக் கூடாது. சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பணம் பிடிக்க வேண்டுமானால் தொழிலாளர் இலாகாவின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். தவறினால் ஓர் ஆளுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

தீபகற்பத்தில் உள்ளோர் மனத்தில் வைக்கவேண்டிய மற்றவை:

1. மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். "ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறேன்" என்று வைத்திருத்தல் ஆகாது.

2. முன்பணம் கொடுத்தால் கழிக்கலாம், வட்டி கூடாது. பொதுவாக எல்லாப் பிடித்தமும் சேர்ந்து மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

3. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை. அதற்குமேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. 1,700-ஐ 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஒன்றரை மடங்கு 12 வெள்ளி 26 காசு. இரவில் கடை அடைக்க இரண்டு மணி நேரம் கூடினால் 24 வெள்ளி 52 காசு அவனுக்குச் சேரவேண்டியது.

4. கொடுத்ததற்கும் பிடித்ததற்கும் சீட்டு எழுதி அவன் கையில் தருக.

நாம் நால்வருக்கும் மூன்று மாதப் பாக்கி 2,400 வெள்ளியைத் தீர்த்தோம். கல்லாவுக்குக் கனமாகத்தான் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கூலியைப் பிடித்து வைப்பது பாவம் என்று மதரஸாவில் சிறு வயதிலேயே ஓதியவர்கள் நாம். பேரேட்டுக் கூட்டல் சரியாக இருந்ததால் அதை மறந்திருந்தோம்.

சகோதரர்களே, இன்றிரவு கடை அடைத்ததும் உங்கள் பேரேட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். சாப்பாட்டை அடித்துவிட்டுக் கூட்டுங்கள். 1,700 வருகிறதா?